பிள்ளை வளர்ப்பில் தந்தையின் பங்கு காலந்தோறும் எப்படி மாறி வந்திருக்கிறது?

அந்தக் காலத்து அப்பாக்கள் பிள்ளைகளைத் தொட்டுத் தூக்கியதே இல்லை, நம் தலைமுறையில்தான் இது மாறியிருக்கிறது என்ற எண்ணத்தோடு இந்தக் கேள்வி கேட்கப்பட்டிருக்கிறது. அதன் முதல் பாதியை என்னால் ஏற்க முடியவில்லை. தந்தை தள்ளி நின்றது தொன்றுதொட்டு வந்த வழக்கமன்று. வேலை வீட்டைவிட்டு வெளியே போனபோது தந்தையும் கூடவே போனார் என்பதே என் கருத்து. தமிழ்நாட்டை வைத்தும் என் குடும்பத்தை வைத்தும் சொல்கிறேன்.

"ஈன்று புறந்தருதல் என்தலைக் கடனே, சான்றோன் ஆக்குதல் தந்தைக்குக் கடனே" என்ற பொன்முடியாரின் புறநானூற்றுப் பாடல் (312) எல்லோருக்கும் தெரியும். பெற்று வளர்ப்பது தாயின் கடமை, ஆளாக்குவது தந்தையின் கடமை என்று அது பிரித்துவைக்கிறது. அந்த ஒரு பாடலோடு நிறுத்திக்கொள்வதால்தான் பழந்தமிழ்த் தந்தை கண்டிப்பான ஆசானாக மட்டும் நமக்குத் தெரிகிறார். அதே நூலின் 188ஆம் பாடலைப் பாடியவன் பாண்டியன் அறிவுடை நம்பி என்னும் அரசன். குறுகுறுவென நடந்து வந்து, சிறு கையை நீட்டி, "இட்டும் தொட்டும் கவ்வியும் துழந்தும்" நெய்ச்சோற்றை உடம்பெல்லாம் சிதறிக்கொள்ளும் பிள்ளை இல்லாதவர்க்கு, எவ்வளவு செல்வம் இருந்தாலும் வாழ்நாளில் பயனில்லை என்கிறான் அவன். பிள்ளை சாப்பிடும்போது பக்கத்தில் உட்கார்ந்து பார்க்காதவனால் அந்த நான்கு வினைச்சொற்களை எழுதியிருக்க முடியாது. ஔவையாரும் 92ஆம் பாடலில், பொருள் விளங்காத மழலைக்கு அருள் சுரப்பவர்களாகத் தந்தையரையே சொல்கிறார்.

என் தாத்தா சென்னிமலையில் கைத்தறி நெசவாளராக இருந்தார். குழித்தறி வீட்டுக்குள்ளேயே இருந்தது. பிள்ளைகளுக்கு அதற்குப் பக்கத்திலேயே தூளி கட்டியிருப்பார்கள். இழை அறுந்து தறியை நிறுத்தும்போதெல்லாம் அவர் முதலில் தூளியை ஒரு தள்ளு தள்ளிவிட்டு, அதன் பிறகுதான் இழையை முடிவார் என்று அத்தை சொல்வார். உழவர், குயவர், தச்சர் வீடுகளிலும் பிள்ளைகள் தந்தையின் கண்பார்வையில்தான் வளர்ந்தார்கள், அவர் கையைப் பார்த்தே தொழில் கற்றார்கள். அந்த நெருக்கத்தை நான் புகழ்ந்து மட்டும் எழுத முடியாது. நெசவுக்கான நூலைத் தாரில் சுற்ற ஆள் வேண்டும் என்பதற்காக அத்தையின் படிப்பு மூன்றாம் வகுப்போடு நின்றுபோனது.

கோயம்புத்தூரில் முதல் நூற்பாலை 1888இல் வந்தது. 1930களில் நீலகிரியின் பைக்காரா நீர்மின்சாரம் கிடைத்த பிறகு ஆலைகள் பெருகின. அப்படிப்பட்ட ஓர் ஆலையில்தான் என் தந்தை பின்னாளில் ஷிப்ட் வேலைக்குச் சேர்ந்தார். சம்பளம் கொண்டுவருபவர், தேர்வு அட்டையில் கையெழுத்துப் போடுபவர், "அப்பா வரட்டும்" என்று அம்மா சொல்லும்போது நாங்கள் அஞ்ச வேண்டியவர் என்ற அளவுக்கு அவருடைய பங்கு சுருங்கியது. இரவு ஷிப்ட் முடிந்து விடியற்காலையில் வரும்போது நாங்கள் தூங்கிக்கொண்டிருப்போம். தலை முதல் கால் வரை எங்களைச் சாண் போட்டு அளந்து பார்த்துவிட்டுத்தான் அவர் படுப்பாராம். இதை அம்மா சொல்லி, நான் கல்லூரியில் சேர்ந்த பிறகுதான் தெரிந்துகொண்டேன்.

சட்டமோ வேறு ஒரு தந்தையை மனத்தில் வைத்திருந்தது. இந்து இளவர் (வயது வராதவர்) மற்றும் காப்பாளர் சட்டம், 1956, தந்தையையே இயற்கைக் காப்பாளர் என்றும், அவருக்குப் "பிறகு" தாய் என்றும் சொன்னது. ஆனால் ஐந்து வயது நிறையாத குழந்தை பொதுவாகத் தாயிடமே இருக்க வேண்டும் என்றும் அதே பிரிவு சொன்னது. உரிமை ஒருவருக்கு, உழைப்பு இன்னொருவருக்கு என்ற அந்தப் பிரிவினை எனக்கு இன்றும் உறுத்துகிறது. 1999இல் எழுத்தாளர் கீதா ஹரிஹரன் தொடுத்த வழக்கில்தான், "பிறகு" என்பதற்குத் தந்தை இறந்த பிறகு என்று மட்டும் பொருளன்று, அவர் பொறுப்பில் இல்லாத நிலையையும் அது குறிக்கும் என்று உச்ச நீதிமன்றம் விளக்கம் தந்தது.

மனம் மாறினால் போதும், எல்லாம் மாறிவிடும் என்று பலர் எழுதுகிறார்கள்; எனக்கு அதில் முழு உடன்பாடில்லை. ஸ்வீடன் 1974இலேயே பெற்றோர் விடுப்பைத் தாய் தந்தை இருவருக்கும் பொதுவாக்கியது, ஆனாலும் அதைப் பெரும்பாலும் தாய்மாரே எடுத்தார்கள். 1995இல் ஒரு மாதத்தைத் தந்தைக்கென்று ஒதுக்கி, அவர் எடுக்காவிட்டால் அது வீணாகிவிடும் என்று விதித்த பிறகுதான் தந்தையர் பரவலாக விடுப்பு எடுக்கத் தொடங்கினார்கள். இப்போது அந்த ஒதுக்கீடு ஆளுக்கு 90 நாள். இந்தியாவில் மத்திய அரசு ஊழியருக்கு, முதல் இரண்டு குழந்தைகளுக்கு, 15 நாள் தந்தைமை விடுப்பு உண்டு. தனியார் நிறுவனங்கள் கட்டாயம் தர வேண்டும் என்று எந்தச் சட்டமும் இல்லை.

நான் தனியார் வேலையில் இருப்பவன். மகள் பிறந்தபோது எனக்குக் கிடைத்தது நான்கு நாள் தற்செயல் விடுப்பு. ஐந்தாம் நாள் வேலைக்குத் திரும்பினேன். தொப்புள்கொடி விழுந்த அன்று நான் வீட்டில் இல்லை. என் மனைவி அதை ஒரு வெள்ளைத் துணியில் முடிந்து வைத்திருந்து, இரவு நான் வந்ததும் பிரித்துக் காட்டினாள்.