சம்பவங்கள் குறைந்தன, புகார்கள் கூடின: எதை முன்னேற்றம் என்று எழுதுவது?

வணக்கம். உங்கள் அமைதித் திட்டம் நடக்கும் பகுதியில் வன்முறைச் சம்பவங்கள் ஓராண்டில் பாதியாகக் குறைந்த அதே காலத்தில் காவல் நிலையப் புகார்கள் இரட்டிப்பாகிவிட்டன என்றும், எதை நம்பி அறிக்கை எழுதுவது என்றும் கேட்டிருந்தீர்கள். இவை முரணானவை அல்ல. முன்பு அஞ்சி வாய் திறக்காதவர்கள் இப்போது நிலையத்தின் படியேறுகிறார்கள் என்றால், புகார் பெருகுவது நல்ல அறிகுறியாகவே இருக்கக்கூடும். மாறாக, ஓர் ஆயுதக் குழு பகுதி முழுவதையும் தன் பிடிக்குள் கொண்டுவந்துவிட்டாலும் துப்பாக்கிச் சத்தம் ஓய்ந்துவிடும்; அதை அமைதி என்று எழுதிவிடாதீர்கள்.

உலகின் ஆயுத மோதல்களைப் பதிவுசெய்யும் சுவீடனின் உப்சாலா பல்கலைக்கழகத் தரவுத்தளம், ஆண்டுக்கு 25 மோதல் மரணங்களாவது நேர்ந்தால்தான் அதை ஆயுத மோதலாகக் கணக்கில் கொள்கிறது. நாடுகளை ஒப்பிட உதவும் அந்த அளவுகோல் சில ஊர்களுக்குள் நடக்கும் மாற்றத்தைக் காட்டாது. ஐ.நா.வின் 16ஆவது நிலையான வளர்ச்சி இலக்கில் உள்ள ஒரு குறியீடு உங்களுக்கு அதிகம் கைகொடுக்கும்: இருட்டிய பிறகு தம் வசிப்பிடத்தைச் சுற்றித் தனியாக நடக்கப் பாதுகாப்பாக உணர்வோர் எத்தனை விழுக்காடு என்பது. ஆண்களிடமும் பெண்களிடமும் இதைத் தனித்தனியே கேளுங்கள் (சீருடைக்காரர் அருகில் நின்றால் எல்லோரும் ‘ஆம்’ என்றே சொல்வார்கள்).

இவற்றைவிட நான் பெரிதும் நம்புவது மக்களின் செயலைத்தான்: இடம்பெயர்ந்து திரும்பியவர்கள் தார்ப்பாயை அகற்றிவிட்டு நிலையான கூரை போட்டார்களா, பல ஆண்டுகள் கழித்துப் பலன் தரும் மரக்கன்றுகளை நட்டார்களா என்று பாருங்கள். மழைக்காலத்தில் மோதல் தானாகவே தணியும் பகுதிகள் உண்டு என்பதால், ஒவ்வோர் ஆண்டும் ஒரே பருவத்தில் கணக்கெடுங்கள்.