நெத்திலிக் கருவாட்டில் ஜப்பான் சாறு: கேள்வி பதில்

ஒசாகாவில் 6 வருடம் குடும்பம் நடத்திவிட்டு மயிலாடுதுறைக்கே திரும்பி வந்தவள் நான். அங்கே வீட்டுச் சமையலில் கற்றதை இங்கே நம் சாமானை வைத்தே செய்கிறேன். கையைக் கடிக்காமல் ஜப்பானியச் சாப்பாடு செய்வது பற்றி நீங்கள் கேட்டவற்றுக்குப் பதில்கள் இதோ.

திருவாரூர்: அக்கா, மிசோ, மிரின், கடற்பாசி என்று பட்டியலைப் பார்த்தாலே மலைப்பாக இருக்கிறது. எதை மட்டும் வாங்கினால் போதும்?

சோயா சாஸ் ஒரு பாட்டில். பின்பக்கம் திருப்பிப் பாருங்கள்: சோயா, கோதுமை, உப்பு, தண்ணீர் என்று இருந்தால் எடுங்கள். கேரமல் நிறம் சேர்த்த கெட்டிக் கறுப்புச் சாஸ் இதற்கு ஆகாது. மிரின் என்ற இனிப்பான சமையல் மது கேட்கும் இடத்தில், ஒரு மேசைக்கரண்டிக்குப் பதிலாக ஒரு டீஸ்பூன் சர்க்கரை. புளிக்கவைத்த சோயா விழுதான மிசோவுக்கு மட்டும் நேர்மாற்று கிடையாது. அந்தக் குறிப்புகளை இப்போதைக்குத் தள்ளி வையுங்கள்.

நாகப்பட்டினம்: எல்லாவற்றுக்கும் தாஷி என்ற சாறுதான் அடிப்படை என்கிறார்கள். கொம்பு கடற்பாசியும், காய்ந்த சூரை மீனான கத்சுவோபுஷியும் இல்லாமல் அது வருமா?

வரும் அம்மா, உங்கள் ஊர்க் கருவாட்டுக் கடையிலேயே இருக்கிறது. ஜப்பானில் எத்தனையோ வீடுகளில் அன்றாடச் சூப்புக்கு நிபோஷிதான் போடுவார்கள். சின்ன மீனை அவித்துக் காயவைத்தது. பெரும்பாலும் நம் நெத்திலியின் இனமேதான்.

ஒரு லிட்டர் தண்ணீருக்கு 20 கிராம் நெத்திலிக் கருவாடு, அதாவது ஒரு கைப்பிடி. தலையைக் கிள்ளி, வயிற்றை நகத்தால் பிளந்தால் உள்ளே கறுப்பாக ஒன்று சுருண்டிருக்கும். அதை எடுத்தே ஆகவேண்டும், சாற்றில் கசப்பு அதனால்தான் ஏறும். நம் கருவாட்டில் உப்பு அதிகம். வெந்நீரில் 5 நிமிடம் போட்டு அந்தத் தண்ணீரைக் கொட்டிவிடுங்கள். பிறகு நல்ல தண்ணீரில் அரை மணி நேரம் ஊறவைத்து, சிறு தீயில் 10 நிமிடம். நுரையை எடுத்து வடிகட்டினால் தெளிந்த பொன்னிறச் சாறு. தளதளவென்று கொதிக்க விட்டால் கவிச்சி வந்துவிடும்.

கூடவே ஒரு தக்காளித் துண்டு போடுங்கள். அதற்குக் காரணம் உண்டு. 1908இல் ஜப்பானிய வேதியியலாளர் கிகுனாயே இகெதா கொம்புவின் ருசி குளுட்டமேட் என்ற பொருளால் வருகிறது என்று கண்டுபிடித்தார். 1913இல் ஷிந்தாரோ கொதாமா கத்சுவோபுஷியில் இனோசினேட் என்ற இன்னொரு ருசிப் பொருளைக் கண்டார். இரண்டும் சேர்ந்தால் ருசி பல மடங்கு கூடும். நெத்திலி இனோசினேட்டைத் தரும். கொம்பு இல்லாத குறையைத் தக்காளியின் குளுட்டமேட் ஓரளவு தீர்க்கும்.

மாசிக் கருவாடு கிடைத்தால் விடாதீர்கள். கத்சுவோபுஷி செய்யும் அதே சூரை மீன்தான், அவித்துப் புகைபோட்டுக் காயவைத்தது. இடித்து, அடுப்பை அணைத்த வெந்நீரில் 2 நிமிடம் போட்டு வடிகட்டுங்கள்.

கும்பகோணம்: நாங்கள் சைவம்.

சிப்பிக் காளானை மொறமொறவென்று வெயிலில் காயவைத்து இரவு முழுக்க ஊறவையுங்கள். ஊறிய தண்ணீர்தான் உங்கள் தாஷி. அதில் பரங்கிக்காயைத் தோலோடு போட்டு, சர்க்கரையும் சோயா சாஸும் விட்டு வேகவையுங்கள்.

மன்னார்குடி: ஜப்பான் அரிசி விலை எட்டவில்லை. பொன்னியில் செய்தால் உதிர்ந்து போகிறது.

புழுங்கலை விட்டுவிட்டுப் பச்சரிசிக்கு வாருங்கள், அதுவும் புது அரிசி. குழைந்துவிடும் என்று நாம் ஒதுக்குகிற அந்தப் புது அரிசியை அங்கே 'ஷின்மாய்' என்று காத்திருந்து வாங்குவார்கள். தை அறுவடை முடிந்து வரும் அரிசி இதற்கு அருமை. அரை மணி நேரம் ஊறவைத்து, ஒன்றுக்கு இரண்டு தண்ணீர், மூடி போட்டுச் சிறு தீ. கஞ்சி வடிக்கவே கூடாது. அணைத்த பிறகு 10 நிமிடம் திறக்காமல் விடுங்கள்.

நம் மண்ணுக்கு ஜப்பான் நெல் அந்நியமும் இல்லை. 1960களில் தஞ்சை வயல்களில் பரவலாக விளைந்த ஆடுதுறை 27, ஜப்பானின் நோரின் 10ஐயும் நம் ஜி.இ.பி. 24ஐயும் ஒட்டுச் சேர்த்துப் பிறந்த ரகம்.

தஞ்சாவூர்: தனியாகத் தங்கி வேலை பார்க்கிறேன். ஒரே சட்டியில் முடிகிற மாதிரி ஒன்று சொல்லுங்கள் அக்கா.

ஓயாகோதோன், தம்பி. ஓயாகோ என்றால் பெற்றவரும் பிள்ளையும். கோழியும் முட்டையும் சேர்வதால் அந்தப் பெயர். அரை டம்ளர் தாஷியில் ஒரு மேசைக்கரண்டி சோயா சாஸ், ஒரு டீஸ்பூன் சர்க்கரை, நீளவாக்கில் அரிந்த ஒரு வெங்காயம், 100 கிராம் எலும்பில்லாத கோழி. வெந்ததும் இரண்டு முட்டையை லேசாகக் கலக்கி ஊற்றி மூடுங்கள். அங்கே அரைவேக்காட்டில் இறக்குவார்கள். இங்கே முட்டை நன்றாகக் கட்டும்வரை விடுங்கள். அப்படியே சுடுசோற்றில் சரித்துவிட வேண்டியதுதான்.

திருத்துறைப்பூண்டி: வீட்டுக்குப் பக்கத்திலேயே ரைஸ் மில். தவிட்டில் ஊறுகாய் போடுவார்களாமே?

நுகாசுகே. எனக்கு மிகவும் பிடித்த கேள்வி இது. பச்சரிசி அரைத்த தவிடாக, உமி கலக்காததாக, அன்றைக்கே அரைத்ததாகக் கேட்டு வாங்குங்கள். மாட்டுக்குப் போகிற உமித் தவிடு வேண்டாம். தவிடு சீக்கிரம் காறிப்போகும், அதனால் உடனே வெறும் சட்டியில் வாசம் வர வறுத்து ஆறவிடுங்கள். ஒரு கிலோவுக்கு 130 கிராம் கல்லுப்பு, ஒரு லிட்டர் அளவு காய்ச்சி ஆறிய தண்ணீர், நாலைந்து காய்ந்த மிளகாய். பிடித்தால் ஈரமணல் மாதிரி நிற்க வேண்டும்.

முதல் 10 நாள் முட்டைகோஸின் வெளி இலைகளைப் புதைத்து, இரண்டு நாளுக்கு ஒருமுறை மாற்றுங்கள். அவற்றைச் சாப்பிட வேண்டாம், புளிப்பைத் தொடங்கி வைக்கத்தான் அவை. நம் வெக்கைக்குக் காலையும் மாலையும் கையை விட்டு அடிவரை கிளற வேண்டும். ஒரு நாள் மறந்தாலும் மேலே வெள்ளைப் பூத்துவிடும். புளிப்பு வாசம் வந்த பிறகு வெள்ளரியில் உப்பைத் தேய்த்துக் காலையில் புதைத்தால், மதியச் சாப்பாட்டுக்கு எடுத்துக் கழுவி அரியலாம். தவிட்டிலிருக்கும் பி1 வைட்டமின் காயில் இறங்கிவிடும். தீட்டிய வெள்ளை அரிசியையே தின்ற எடோ நகரத்தில் (இன்றைய டோக்கியோ), பி1 குறைவால் வரும் பெரிபெரி நோயை 'எடோ நோய்' என்றே சொன்னார்கள்.

சீர்காழி: பிள்ளைக்கு ஓனிகிரி என்ற சோற்று உருண்டை கட்டிக் கொடுக்க ஆசை. வெயிலில் கெட்டுப்போகாதா?

அங்கே கெடாமலிருக்க உருண்டைக்குள் உப்பில் ஊறிய உமேபோஷி பழத்தை வைப்பார்கள். நம்மிடம் உப்பு நார்த்தங்காய் இருக்கிறதே, அதில் ஒரு சின்னத் துண்டு வையுங்கள். கையை நனைத்து, உள்ளங்கையில் உப்பைத் தடவி, சோறு சூடாக இருக்கும்போதே அழுத்திப் பிடியுங்கள். மேலே சுற்றும் நோரி என்ற கடற்பாசித் தாள் தேவையில்லை, வறுத்த எள்ளில் புரட்டினால் கையில் ஒட்டாது. ஆவி முழுக்க அடங்கிய பிறகு டப்பாவை மூடுங்கள். காலையில் பிடித்ததை மதியத்துக்குள் சாப்பிட்டுவிட வேண்டும்; மிஞ்சி வந்தால் சாயங்காலம் கொடுக்காதீர்கள்.