காலையில் பிஎச் இறங்குவது பற்றி
உங்கள் கடல்நீர்ப் பவளத் தொட்டியில் பிஎச் (தண்ணீரின் அமில-காரத் தன்மையின் அளவு) காலையில் 7.8, விளக்கு அணையும் நேரத்தில் 8.2 என்று எழுதியிருந்தீர்கள். பயப்படாதீர்கள். பகலில் பாசியும் பவளத்துக்குள் வாழும் நுண்பாசியும் கார்பன் டை ஆக்சைடை எடுத்துக்கொள்ளும்; இரவில் எல்லா உயிர்களும் அதை வெளிவிட மட்டுமே செய்யும். அதனால்தான் இந்த ஏற்ற இறக்கம்.

ஆனால் பிஎச்சை ஏற்றத் தினமும் பஃபர் பவுடர் (காரத்தன்மை கூட்டும் தூள்) போடுவதைத் தயவுசெய்து நிறுத்துங்கள். பிஎச் கொஞ்ச நேரம் ஏறிவிட்டுத் திரும்ப இறங்கிவிடும், ஆல்கலினிட்டி (அமிலத்தை ஈடுகட்டும் கார்பனேட் உப்புகளின் அளவு) மட்டும் ஏறிக்கொண்டே போகும். பவளத்துக்கு அதுதான் ஆபத்து. முதலில் ஆல்கலினிட்டியை அளந்து பாருங்கள். 8 முதல் 11 டிகேஎச்சுக்குள் (அதை அளக்கும் அலகு) நிலையாக இருந்தால் போதும்.

அப்புறம் ஒரு சோதனை. காலையில் ஒரு குவளை தொட்டித் தண்ணீரை வீட்டுக்கு வெளியே வைத்து, ஏர் பம்ப் கல்லைப் போட்டு ஒரு மணி நேரம் குமிழி விடுங்கள். பிஎச் நன்றாக ஏறினால், தொட்டித் தண்ணீரில் கார்பன் டை ஆக்சைடு அதிகம் என்று பொருள்; பெரும்பாலும் குறை அறைக் காற்றில்தான் இருக்கும். மூடிய அறையில் ஆட்கள் தூங்கினாலே கார்பன் டை ஆக்சைடு சேர்ந்துவிடும். ஜன்னலைத் திறந்து வையுங்கள், அல்லது ஸ்கிம்மரின் (குமிழி விட்டுக் கழிவைப் பிரிக்கும் கருவி) காற்றுக் குழாயை வெளியே நீட்டிவிடுங்கள். ஏறவே இல்லையென்றால் மீட்டரைச் சந்தேகப்படலாம்; பிஎச் 7, 10 என்று குறித்த கரைசல்களில் மீட்டரின் புரோபைச் (அளக்கும் முனையை) சரிபார்த்துவிட்டு மறுபடி அளந்து எழுதுங்கள்.