ரேஸ் மைதானமும் சம்பளக் கவரும் – கடிதம்

அன்புள்ள அக்கா,

அமெரிக்காவில் சரடோகா குதிரைப் பந்தயத்துக்குப் போய்வந்ததைப் பற்றி நீங்கள் எழுதியதைப் படித்தேன். படிக்கப் படிக்கக் கோபம்தான் வந்தது. என் தாத்தா பெரம்பூர் பி அண்ட் சி மில்லில் வேலை பார்த்தவர். சம்பளத்தைக் கிண்டி ரேஸில் கொட்டிவிட்டு வெறுங்கையோடு பீச் ஸ்டேஷனில் வந்து இறங்குவாராம். ஆயாவின் தாலிக்குண்டு வரை அடகுக் கடைக்குப் போனது. புளியந்தோப்பில் பிறந்த நீங்களே அதைத் திருவிழா மாதிரி எழுதலாமா? ஜூலையில் தங்கை வீட்டுக்கு நியூஜெர்சி போகிறேன். பிள்ளைகளோடு சரடோகா போகலாம் என்கிறாள். போகலாமா?

கு., கொருக்குப்பேட்டை

அன்புள்ள தம்பி,

உங்கள் கோபம் நியாயமானது. எங்கள் தெருவிலும் அப்படிப்பட்ட வீடுகள் இருந்தன. சம்பள நாளில் மில் கேட்டுக்கு வெளியே கைக்குழந்தையோடு பெண்கள் நிற்பார்கள். புருஷன் ரயிலேறுவதற்குள் கவரை வாங்கிவிட வேண்டும். அந்தப் பெண்களில் ஒருத்திகூடக் கிண்டியில் குதிரை ஓடிப் பார்த்தவள் இல்லை. அவர்களுக்கு ரேஸ் என்றால் மடித்து மடித்து நைந்துபோன ரேஸ் புக், பென்சிலில் சுழித்த நம்பர், வீட்டுக்கு வராத காசு.

அதனால்தான் சரடோகா என்னை அவ்வளவு பாதித்தது. 1863-இல் பந்தயம் தொடங்கிய ஊர். நியூயார்க் நகரத்திலிருந்து வடக்கே காரில் மூன்று மணி நேரம். கோடையில் மட்டும்தான் அங்கே குதிரை ஓடும். மரத்தடி மேசைகளில் குடும்பம் குடும்பமாக உட்கார்ந்து சாப்பிடுகிறார்கள். பாட்டிகள் வந்திருக்கிறார்கள், தள்ளுவண்டியில் குழந்தை தூங்குகிறது. நாங்களும் அண்ணி கட்டிக்கொண்டு வந்த புளிசாதத்தைப் பிரித்தோம். லாயத்திலிருந்து குதிரைகள் இந்தக் கூட்டத்தின் நடுவே போகும் பாதையில்தான் நடந்து வருகின்றன. ஒரு பெட்டைக் குதிரை எனக்குக் கையெட்டும் தூரத்தில் போனது. எண்ணெய் தடவியது போன்ற தோல், அதன் அடியில் கிளை கிளையாகப் புடைத்த நரம்பு. பின்னந்தொடைகளுக்கு நடுவே வியர்வை வெள்ளை நுரையாகத் திரண்டிருந்தது. பிடித்து நடத்தி வந்தவர் அதன் காதோரம் ஸ்பானிஷில் ஏதோ பேசிக்கொண்டே வந்தார். அதுவும் காதை அவர் பக்கமே திருப்பி வைத்திருந்தது. ஒவ்வொரு ரேஸுக்கும் 17 நிமிடம் முன்னால் ஒருவர் கையால் மணியடிக்கிறார். அப்புறம் கடைசி வளைவு திரும்பிக் குதிரைகள் வரும்போது, நான் பிடித்திருந்த கம்பி அதிர்ந்தது. அவ்வளவு அழகான ஓட்டத்தை நம் வீட்டுப் பெண்கள் ஒரு தடவைகூடப் பார்க்காமல், அதனால் வந்த பட்டினியை மட்டும் பார்த்துவிட்டுப் போய்ச் சேர்ந்தார்களே என்றுதான் எனக்கு ஆற்றாமையாக இருந்தது.

பணம் கட்டுவது அங்கேயும் உண்டு. நான் கட்டவில்லை. டோட் என்கிற பந்தய முறையில் எல்லோர் பணமும் ஒரே உண்டியலில் விழுகிறது. 1860-களில் பாரிசில் ஜோசப் ஒல்லர் கொண்டுவந்த முறை இது. நடத்துகிறவர்களும் அரசும் தங்கள் பங்கை முதலில் எடுத்துக்கொண்டு, மிச்சத்தைத்தான் ஜெயித்தவர்களுக்குப் பிரிப்பார்கள். நியூயார்க்கில் சாதாரண வின் (முதலாவதாக வரும் என்று கட்டுவது), பிளேஸுக்கே (முதல் இரண்டுக்குள் வரும் என்று கட்டுவது) 100-க்கு 16 போய்விடும். வந்த பணத்தையே மொத்தக் கூட்டமும் அடுத்த ரேஸில் திருப்பிக் கட்டினால், நாலாவது ரேஸ் முடியும்போது 100 ரூபாய் 50-க்கும் கீழே வந்துவிடும். யார் ஜெயித்தாலும் இதுதான் கணக்கு. நம் நாட்டில் பந்தயப் பணத்துக்கு ஜிஎஸ்டி மட்டுமே 2025 செப்டம்பரிலிருந்து 40 சதவீதம்.

1974-இல் கருணாநிதி அரசு குதிரைப் பந்தயத்தை ஒழிக்கச் சட்டம் கொண்டுவந்ததும், வழக்கு நீண்டு, இது திறமை சார்ந்த ஆட்டம்தான் என்று 1996-இல் உச்ச நீதிமன்றம் சொன்னதும் உங்களுக்குத் தெரிந்திருக்கும். தீர்ப்போடு எனக்குச் சண்டை இல்லை. வம்சம், சுமக்கும் எடை, தூரம், தரை, ஜாக்கி எல்லாவற்றையும் படித்துக் கணிக்கிறவர்கள் இருக்கிறார்கள். ஆனால் அந்தத் திறமை பலிக்க வேண்டுமென்றால் இன்றைக்குத் தோற்றுவிட்டு நாளைக்கும் வந்து கட்ட வசதி வேண்டும். அரிசி வாங்கும் காசோடு போய் நின்ற உங்கள் தாத்தாவுக்கு அது எப்படி உதவியிருக்கும்? 2024-இல் அரசு கிண்டி மைதானத்தைத் திரும்ப எடுத்துக்கொண்டபோது நான் வருத்தப்படவில்லை.

நீங்கள் கேட்காத ஒன்றும் இருக்கிறது. 2023 ஆகஸ்டில், இதே சரடோகாவில், அதுவரை தோற்றே அறியாத மேப்பிள் லீஃப் மெல் என்ற பெட்டைக் குதிரை எல்லாரையும் முந்தி வந்து, எல்லைக் கோட்டுக்குச் சில எட்டுகள் முன்னால் கால் உடைந்து விழுந்தது. அதே மாதம் நியூயார்க் தண்டர் என்ற குதிரைக்கும் அதே கதி, அதுவும் முன்னால் ஓடிக்கொண்டிருக்கும்போதே. இரண்டையும் ஊசி போட்டுக் கொல்ல வேண்டியதாயிற்று. சவுக்கால் ஒரு ரேஸில் ஆறு அடிக்கு மேல் கூடாது என்று அங்கே விதி வைத்திருக்கிறார்கள், அதெல்லாம் சரிதான். ஆனால் இந்தச் சாவுகளுக்கு என்னிடம் சமாதானம் இல்லை. கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றபோது, எல்லாக் குதிரையும் கோட்டைத் தாண்டும் வரை என் மூச்சு என்னிடம் இல்லை.

இருந்தாலும் போங்கள் தம்பி, பிள்ளைகளையும் கூட்டிப் போங்கள். திங்கள், செவ்வாயில் பெரும்பாலும் ரேஸ் இருக்காது. சனி, ஞாயிறு கூட்டம் தாங்காது. புதன் அல்லது வியாழன் பாருங்கள். மரத்தடி மேசைக்குக் காலையிலேயே ஆள் வந்துவிடுவார்கள், அதற்கேற்ற மாதிரி கிளம்புங்கள். முடிந்தால் காலைப் பயிற்சி ஓட்டத்தைப் பாருங்கள். அப்போது பந்தயம் கட்டுகிறவர் யாரும் இல்லை, பனியில் குதிரைகள் மட்டும் ஓடும். சாப்பாடு வீட்டிலிருந்தே கட்டிக்கொள்ளுங்கள். பேங்க் கார்டைத் தங்கையிடம் கொடுத்துவிடுங்கள்.

அன்புடன்,
அக்கா