பெட்-சிடி ரிப்போர்ட்டை வைத்து உடல் வாங்கிய கதிர்வீச்சைக் கணக்கிட முடியுமா?

முடியும். மும்பையில் அம்மாவுக்கு எடுத்த எஃப்டிஜி (கதிரியக்க ஃபுளூரின்-18 சேர்த்த சர்க்கரை போன்ற ஊசி மருந்து) பெட்-சிடி ரிப்போர்ட்டில் மருந்து 10 மில்லிகியூரி, டிஎல்பி (சிடி ஸ்கேனின் மொத்தக் கதிர்வீச்சைக் காட்டும் எண்) 600 என்று இருப்பதாகச் சொல்கிறீர்கள். அந்த 10 முழுவதும் உடலுக்குள் போயிருக்காது. டோஸ் காலிபரேட்டரில் (கதிரியக்கத்தை அளக்கும் கருவி) சிரிஞ்சை அளந்து அரை மணி கழித்து ஊசி போட்டிருந்தால் 8.3தான் மிஞ்சும், ஃபுளூரின்-18-இன் அரை ஆயுள் 110 நிமிடம். காலி சிரிஞ்சையும் உடனே அளந்து கழிக்க வேண்டும். அதில் 0.3 ஒட்டியிருந்தால் உள்ளே போனது 8, அதே கதிரியக்கத்தை இன்னொரு அலகில் சொன்னால் 296 மெகாபெக்கரல். ஐசிஆர்பி (சர்வதேசக் கதிர்வீச்சுப் பாதுகாப்பு ஆணையம்) பெரியவர்களுக்குத் தரும் எண் 0.019ஆல் பெருக்கினால், உடல் வாங்கிய கதிர்வீச்சு 5.6 மில்லிசீவர்ட்.

சிடிக்குத் தனிக் கணக்கு: 600 × 0.015 = 9. ஊசிக்குத்தான் எல்லோரும் பயப்படுகிறார்கள், பெரிய பங்கு என்னவோ சிடியுடையது! 0.015 என்பது மார்பு, வயிற்றுப் பகுதிக்கான எண். தலை, கழுத்தும் ஸ்கேனில் இருந்தால் இந்த 9 கொஞ்சம் கூடுதல் மதிப்பீடு.

மொத்தம் 15 மில்லிசீவர்ட் பக்கம். இது சராசரி உடலமைப்புக்கான மதிப்பு, அம்மாவின் உடலில் நேரடியாக அளந்தது அல்ல. மருந்து ரத்தக்குழாய்க்கு வெளியே கசிந்திருந்தால் ஊசி போட்ட கையே படத்தில் பளிச்சென்று தெரியும். அப்போது இந்தக் கணக்கு பொருந்தாது. எஃப்டிஜியால் அதிக டோஸ் வாங்குவது சிறுநீர்ப்பைச் சுவர். தண்ணீர் குடித்து அடிக்கடி சிறுநீர் கழிக்கச் சொல்வது அதனால்தான்.