எல்க் வேட்டைக்கு எந்தத் தோட்டா? தேவகோட்டைத் தம்பிக்கு

தம்பி, எச்1பி விசாவில் கொலராடோவின் டென்வருக்கு வந்து எட்டு மாதம் ஆகிறது, எல்க் என்ற பெரிய மான் வேட்டைக்கு 7 எம்எம் பேக்கன்ட்ரி என்ற புதுத் தோட்டா போடும் துப்பாக்கி வாங்கலாமா, வாடகை, பழைய கார், மளிகை எல்லாம் எப்படி என்று கேட்டிருக்கீங்க. வாடகையும் காரும் யாரைக் கேட்டாலும் சொல்லுவாங்க. துப்பாக்கிக்கு மட்டும் நான் பதில் சொல்றேன்.

முதலில் விசா. எச்1பி விசாக்காரர் துப்பாக்கியோ தோட்டாவோ வைத்திருப்பது இங்கே மத்திய சட்டப்படி குற்றம். செல்லுபடியாகும் வேட்டை உரிமம் இருந்தால்தான் விலக்கு. அதனால் முதலில் வேட்டைப் பாதுகாப்பு வகுப்பு, அடுத்து உரிமம், அதன்பிறகுதான் கடைப்படி ஏறணும். உரிமம் முடிந்த மறுநாள் வீட்டில் துப்பாக்கி இருந்தாலே வழக்கு. நண்பரின் துப்பாக்கியைச் சும்மா சுட்டுப் பார்ப்பதும் இதில் சேரும். கிரீன் கார்டு வாங்கிய நம்மவர்கள், “நான் நேரே போய் வாங்கினேன், யாரும் ஒன்றும் கேட்கலையே” என்பார்கள். அவர்களுக்கு இந்தத் தடையே கிடையாது. அந்தப் பேச்சை நம்பாதீங்க.

இனி தோட்டா. பேக்கன்ட்ரியை ஃபெடரல் என்ற தோட்டா நிறுவனம் 2025-இல் கொண்டுவந்தது. கூடு பித்தளை இல்லை, எஃகுக் கலவை. மருந்து அதிகம் பிடிக்கும் வழக்கமான மேக்னம் தோட்டாவின் அழுத்தம் 65,000 பிஎஸ்ஐ (சதுர அங்குலத்துக்குப் பவுண்டு) அளவில் நிற்கும். இது 80,000 வரை தாங்கும். அதனால் 20 அங்குலக் குழலிலேயே 170 கிரெய்ன் (குண்டின் எடையளவு) குண்டு நொடிக்கு 3,000 அடி ஓடுகிறது. சைலன்சர் மாட்டிய குட்டைக் குழலோடு மலையேறுபவருக்கு அது பெரிய வசதி. 24 அங்குலக் குழல் சுமக்க முடிந்தவருக்கு 2022-இல் வந்த 7 எம்எம் பிஆர்சி என்ற தோட்டாவே அந்த வேகத்தைத் தரும், 175 கிரெய்ன் குண்டிலும்.

மலிவாகக் கிடைக்கிறதே என்று பழைய 7 எம்எம் ரெமிங்டன் மேக்னம் வாங்கினால் குழலின் முறுக்கைக் கேளுங்க, அதாவது குண்டைச் சுழற்றும் உள்வரிப்பள்ளம் எத்தனை அங்குலத்துக்கு ஒரு சுற்று வருகிறது என்று. 1962-இல் வந்த தோட்டா அது. பல குழல்களில் 9 முதல் 9.5 அங்குலத்துக்கு ஒரு சுற்று. பிஆர்சிக்கு 8. காற்றைக் கிழிக்கும் இன்றைய நீளக் குண்டுகள், சுற்று போதாத குழலிலிருந்து தள்ளாடிக்கொண்டே போகும். இலக்குத் தாளைப் பாருங்க: துளை வட்டமாக இல்லாமல் சாவித்துவாரம் மாதிரி நீண்டிருந்தால் காரணம் அதுதான். ரெமிங்டன் மேக்னம், பிஆர்சி இரண்டுமே “7 எம்எம்” என்பதால் மாற்றிப் போட்டுவிடாதீங்க, உயிருக்கே ஆபத்து. குழலில் பொறித்த பெயரும் தோட்டாவின் அடியில் உள்ள பெயரும் எழுத்துக்கு எழுத்து ஒன்றாக இருக்கணும்.

புதிதாகத் தொடங்கும் உங்களுக்கு நான் சொல்வது 6.5 பிஆர்சி. 143 கிரெய்ன் குண்டு, நொடிக்கு 2,960 அடி. கொலராடோவில் எல்க்குக்குக் குறைந்தது 6 எம்எம் துளை, 85 கிரெய்ன் குண்டு. இது அதற்கு மேலேயே நிற்கும். பெரிய மேக்னத்தின் உதை கெட்ட பழக்கத்தைத் தந்துவிடும்: விசையை இழுக்கும் முன்பே கண் மூடும், குண்டு விலகும். படம் போட்டுப் பெருமை பேசுவதற்காகவே மேக்னம் வாங்கும் நம்மவர்கள் மேல் எனக்குத் தீராத கோபம். காயம்பட்ட எல்க் இரண்டு மலை தாண்டிப் போய்ச் சாகும். எவ்வளவு வேகமான குண்டுக்கும் 400 கஜம் போக ஏறக்குறைய அரை நொடி வேண்டும். அதற்குள் மிருகம் ஓரடி எடுத்து வைத்துவிடும். குறுக்குக்காற்று மணிக்கு 10 மைல் அடித்தால் 500 கஜத்தில் குண்டு ஒன்றேகால், ஒன்றரை அடி ஒதுங்கும். 300 கஜத்துக்குள் நெருங்கப் பழகுங்க. ஆனால் 50 கஜத்தில் அதிவேகக் குண்டு தோள் எலும்பில் பட்டால் சிதறி, சுற்றிலும் கறி ரத்தம் கட்டிப் பாழாகும். தோளுக்குச் சற்றுப் பின்னே, விலா எலும்புக்குள் இருக்கும் நுரையீரலுக்கு வையுங்க.

எல்க் கறியில் கொழுப்பு ரொம்பக் குறைவு. ஆச்சிமார் வைக்கும் உப்புக்கறிப் பக்குவம்தான் சரி: நல்லெண்ணெய், சின்ன வெங்காயம், பூண்டு, வரமிளகாய், உப்பு. வளவில் மாட்டியிருக்கும் மான்கொம்பைப் பார்த்து வளர்ந்தவங்க நாம. 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்துக்குப் பிறகு ஊரில் அந்தப் பேச்சே கிடையாது.

ஊருக்குப் போகும்போது, வேட்டைக்கு எடுத்துப்போன பையைத் திருச்சி விமானத்துக்குத் தூக்காதீங்க. பக்கப்பையில் ஒரே ஒரு தோட்டா கிடந்தாலும் அங்கே ஆயுதச் சட்ட வழக்கு. அந்தப் பையை இங்கேயே விட்டுட்டுப் போங்க.