சொந்தக் குதிரை இல்லாமல் குதிரைப் போட்டியில் சேரலாமா?

கேள்வி: அமெரிக்காவில் ஓஹையோ மாநிலத்தின் ஒரு சிற்றூரில் வசிக்கிறோம். பன்னிரண்டு வயது மகளுக்குக் குதிரை என்றால் உயிர். பிள்ளைகளுக்கான 4-எச் அமைப்பு இணையவழி நடத்தும் குதிரை அறிவுப் போட்டியில் சேர வேண்டும் என்கிறாள். எங்களிடம் குதிரை இல்லை, வாங்கும் வசதியும் இல்லை. இணையமும் அடிக்கடி அறுந்துபோகும். சேர்க்கலாமா? எப்படிப் படிக்க வைப்பது?

பதில்: தாராளமாகச் சேர்த்துவிடுங்கள். சவாரிப் போட்டிக்குத்தான் குதிரை வேண்டும். அறிவுப் போட்டிக்குப் பொதுவாக அது தேவையில்லை. 4-எச் இயக்கத்தின் வேரே உங்கள் மாநிலத்தில்தான் இருக்கிறது. 1902-இல் கிளார்க் கவுண்டி எனும் மாவட்டத்தில் ஏ.பி. கிரஹாம் கிராமத்துப் பிள்ளைகளுக்காகத் தொடங்கிய கழகத்திலிருந்து வளர்ந்தது அது. குதிரை இல்லாத பிள்ளைகளுக்கென்றே அங்கே தனித் திட்டமும் உண்டு. 4-எச் திட்டங்களைக் கவனிக்கும் பல்கலைக்கழகக் கிளையான உங்கள் கவுண்டியின் எக்ஸ்டென்ஷன் அலுவலகத்துக்குப் போன் செய்து, கடைசித் தேதியையும் வயதுப் பிரிவையும் கேளுங்கள். எந்தப் புத்தகங்களிலிருந்து கேள்வி எடுக்கிறார்கள் என்பதையும் மறக்காமல் கேட்டுக்கொள்ளுங்கள். அந்தப் பட்டியல் கைக்கு வராமல் படிக்கத் தொடங்கினால் உழைப்பு வீணாகும்.

போட்டி இரண்டு வகை. ‘ஹார்ஸ் பவுல்’ என்பது நான்கு பேர் அணியாக உட்கார்ந்து, பஸ்ஸரை முந்தி அழுத்திப் பதில் சொல்வது. ‘ஹிப்பாலஜி’ இன்னும் விரிந்தது: எழுத்துத் தேர்வு, படத்தைப் பார்த்து இனத்தையோ நோயையோ கருவியையோ சொல்வது, குதிரைகளைத் தரம் பிரிப்பது, அணியாக ஒரு சிக்கலுக்குத் தீர்வு சொல்வது எல்லாம் அதில் அடங்கும். முதன்முறை சேரும் பிள்ளைக்கு நான் ஹிப்பாலஜியைத்தான் சொல்வேன். வேகத்தைவிடக் கவனிப்புக்கு அங்கே மதிப்பு அதிகம்.

குதிரை மருத்துவராகப் பல ஆண்டுகள் இந்தப் பிள்ளைகளுக்குப் பயிற்சி கொடுத்திருக்கிறேன். ஒரு சிறுமி நினைவுக்கு வருகிறாள். ஓய்வில் இருக்கும் குதிரையின் நாடித்துடிப்பு நிமிடத்துக்கு 28 முதல் 44 வரை என்று தூக்கத்தில் கேட்டாலும் சொல்வாள். ஒரு பெட்டைக்குதிரையின் முன் நிறுத்தி, “நாடி பார்” என்றேன். கை கழுத்துக்குப் போனது, மார்புக்குப் போனது, பிறகு திகைத்து நின்றுவிட்டது. கீழ்த்தாடை எலும்பின் ஓரத்தில் அவள் விரலைப் பிடித்து வைத்தேன். பென்சில் பருமனில் ஒரு நாளம் விரலடியில் உருண்டது. பதினைந்து விநாடி எண்ணி நான்கால் பெருக்கினாள்: 36. அதற்குப் பிறகு அந்த எண்ணை அவள் படிக்க வேண்டியிருக்கவே இல்லை.

ஆகவே பக்கத்துப் பண்ணைக்காரர் யாரிடமாவது அனுமதி கேட்டு, மாதம் இரண்டு முறை மகளை லாயத்துக்கு அழைத்துப் போங்கள். சவாரி வேண்டாம், அருகில் நின்று பார்த்தால் போதும். குளம்பைத் தூக்கிக் காட்டச் சொல்லுங்கள். அடியில் முக்கோணமாக, ரப்பர் போல மெத்தென்று இருப்பதைத்தான் ‘ஃபிராக்’ என்கிறார்கள். ஈறை விரலால் அழுத்தி விட்டால் வெளுத்த இடம் இரண்டு விநாடிக்குள் மறுபடி சிவக்க வேண்டும். சிவக்கத் தாமதமானால் இரத்த ஓட்டம் சரியில்லை என்று பொருள். அது ‘ஷாக்’ எனும் இரத்த ஓட்டச் சரிவாலும் இருக்கலாம், நீர் வறட்சியாலும் இருக்கலாம்.

வீட்டில் படிக்கும்போது ஒவ்வொரு தகவலுக்கும் ‘ஏன்’ என்று கேளுங்கள். இவ்வளவு பெரிய உடம்புக்குக் குதிரையின் இரைப்பை சிறியது, சுமார் 8 முதல் 15 லிட்டர்தான் கொள்ளும். அதனால்தான் தீவனத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகப் பலமுறை கொடுக்கிறார்கள். குதிரையால் வாந்தி எடுக்க முடியாது. அதனால்தான் ‘காலிக்’ எனும் வயிற்றுவலி அதன் உயிருக்கே உலை வைக்கிறது. 500 கிலோ எடையுள்ள குதிரைக்கு நாளொன்றுக்கு உடல் எடையில் 2 சதவீதம் உலர்புல் என்றால் எத்தனை கிலோ? பத்து. இப்படி ஒன்றோடொன்று கோத்துப் படித்தது, கேள்வியை எப்படித் திருப்பிக் கேட்டாலும் கைவிடாது. நீங்கள் தமிழிலேயே கேளுங்கள், அவள் ஆங்கிலத்தில் பதில் சொல்லட்டும். குளம்பு, லாடம், கடிவாளம், சேணம், பிடரி என்று நம்மிடம் சொற்களுக்குப் பஞ்சமில்லை. இரு மொழியிலும் தெரிந்த பொருள் மனத்தில் ஆழமாகப் பதியும்.

இனி இணையம். பஸ்ஸர் போட்டியில் ஒரு விநாடித் தாமதம்கூட வாய்ப்பைப் பறித்துவிடும். அதைப் பிள்ளையின் தவறாக நினைத்துத் திட்டாதீர்கள், பாவம். வைஃபையை நம்பாமல் கணினியைக் கேபிளில் இணையுங்கள். அதுவும் சரிவராவிட்டால் பொது நூலகத்திலோ எக்ஸ்டென்ஷன் அலுவலகத்திலோ ஓர் அறை கிடைக்குமா என்று இரண்டு வாரம் முன்பே கேளுங்கள். நடுவில் தொடர்பு அறுந்தால் என்ன விதி, கைகள் கேமராவில் தெரிய வேண்டுமா, அறையில் பெரியவர் இருக்கலாமா என்பவற்றை நடத்துபவர்களிடம் எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். அணியோடு வாராந்திரப் பயிற்சிக்கு இணையமே வேண்டாம். மாலையில் அரை மணி நேரம் தொலைபேசியில் ஒருவர் கேட்க மற்றவர் சொன்னால் போதும்.

மகள் இன்னும் இளையோர் பிரிவில்தான் இருப்பாள். தேசியப் போட்டிகள் 14 முதல் 18 வயதுக்காரர்களுக்கானவை. அவளுக்கு இரண்டு ஆண்டுகள் இருக்கின்றன. முதலில் அந்தப் பண்ணைக்காரரிடம் பேசுங்கள்.